குடிமதிப்பு அறிக்கையும் குடும்ப வரலாறும்

குடும்ப வரலாறு எழுதப் புகும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் பெயர் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காது. இங்கிலாந்தில் வீடு வீடாக நிரப்பிய பாரங்களை நூறாண்டு கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுப் பாரங்கள் 2022இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. ஆங்கில வழிகாட்டி நூல்கள் பலவும் அதை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. மலாயாவைப் பற்றி நம் கைக்கு எட்டுவன அச்சிட்ட அறிக்கைகளும் அட்டவணைகளுமே. அவற்றில் தொகை உண்டு, ஆள் இல்லை.

ஆளைத் தேட வேறிடம் போக வேண்டும்: பிறப்புப் பத்திரம், 1948இல் தொடங்கிய அடையாள அட்டை, குடியுரிமைத் தாள், அதிர்ஷ்டம் இருந்தால் தோட்டத்துச் செக்ரோல். பழைய தமிழ் ஏடுகள் 'குடிமதிப்பு' என்றும் மலாய்மொழி 'பஞ்சி' என்றும் சொல்லும் கணக்கெடுப்போ, அந்த ஆள் எத்தகைய கூட்டத்தில் வாழ்ந்தார் என்பதைக் காட்டும்.

அதைக் குறிப்பெடுக்கும்போது இரண்டு ஆண்டுகளை எழுத வேண்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பற்றி விலீலாண்ட் எழுதிய அறிக்கை 1932இல் வெளிவந்தது. 1947ஆம் ஆண்டுக்கு டெல் டுஃபோ எழுதியது 1949இல் வந்தது. எண்ணிய ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு. பிறகு அட்டவணை எண், பக்கம், மாவட்டம், பார்த்த நூலகம், பார்த்த தேதி.

இன்னொன்று, அட்டவணைத் தலைப்பை உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். 1957இல் இலங்கைத் தமிழர் 'மற்றவர்' பிரிவில் இருந்தனர். 1970இல் 'இந்தியர்' பிரிவுக்குள் வந்துவிட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தின் பேரப்பிள்ளை இதைக் கவனிக்காமல் இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டால், ஒரே இரவில் கப்பல் கப்பலாக ஆள் வந்து இறங்கியது போல் தோன்றும்!

எனக்கு இதெல்லாம் தேவைப்பட்டது எங்கள் பெரிய தாத்தாவுக்காக. என் தாத்தாவின் அண்ணன் அவர். 1943இல் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை என்பார் பாட்டி. அவரும் கண்டதில்லை, தம் மாமியார் சொல்லக் கேட்டது. சயாம் மரண ரயில் கட்டப்பட்ட 1942, 1943ஆம் ஆண்டுகள், 1931க்கும் 1947க்கும் இடைப்பட்ட பதினாறு ஆண்டு இடைவெளிக்குள் விழுகின்றன. அந்த இடைவெளியில் கணக்கெடுப்பே இல்லை.

சிங்கப்பூரையும் சேர்த்து 1931இல் மலாயா இந்தியர் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். 1947இல் 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் குறைவை அப்படியே சயாமில் மடிந்தோர் கணக்காக எழுதிவிட ஆசை வரும். ஆனால் 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வருகைக்குத் தடை விதித்தது. இடையில் இங்கேயே பிள்ளைகளும் பிறந்தனர். இத்தனையும் கலந்த ஒரு கழித்தலிலிருந்து மரண எண்ணிக்கையைப் பிரித்தெடுக்க முடியாது. அப்படி எழுதினால் இறந்தவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. யாரேனும் ஒருவர் அந்த எண்ணை மறுத்தாலே சம்பவத்தையும் சேர்த்து மறுத்துவிடுவார்.

ஆகவே வம்சாவளித் தாளில் பாட்டியின் சொல்லையும் அட்டவணையின் எண்ணையும் தனித்தனி வரியாக வைத்திருக்கிறேன். பெரிய தாத்தாவின் பெயருக்குக் கீழே இப்படி இருக்கிறது: "1943, சயாம் சென்றார், திரும்பவில்லை. ஆதாரம்: பாட்டி வாய்மொழி, தம் மாமியாரிடம் கேட்டது, பதிவு செய்த தேதி. 1931, 1947 அறிக்கைகள்: மாவட்ட இந்தியர் தொகை மட்டும். இவரைப் பற்றிய எழுத்துச் சான்று இதுவரை கிடைக்கவில்லை." அதற்கடியில் நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். அந்தத் தோட்டத்தின் செக்ரோல் இன்னும் எங்காவது இருக்கக்கூடும்.