மூன்று மணி நேரம் கழித்து வரும் களைப்பு

தேர்வு முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் யார் முகத்திலும் விழிக்காமல் கிடக்க வேண்டும் என்று ஏங்கும் மாணவர்கள் ஏராளம். அதே வாரத்தில் பிறந்தநாள் கேக், கலைவிழா ஒத்திகை, நள்ளிரவு டீக்கடை என்று ஏழு நாளும் கூட்டத்திலேயே ஓடிவிடும். எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். அப்படியானால் தனிமை வேண்டும் என்ற ஏக்கம் வெறும் பாவனையா? ஆமாம் என்று சொல்லத் தூண்டும் ஆய்வுகள் உளவியலில் உண்டு. அந்த ஆய்வுகளோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றை வைத்துக்கொண்டு அந்த ஏக்கத்தையே தள்ளுபடி செய்துவிடுகிறார்களே, அதோடுதான்.

முதலில் எதிர்த்தரப்பின் சாட்சிகளைப் பார்ப்போம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரை அருகில் இருக்கும் அந்நியரிடம் பேசச் சொன்னார்கள். சிலரைத் தனியே உட்காரச் சொன்னார்கள். தனியே உட்காருவதுதான் இனிமையாக இருக்கும் என்பது பயணிகளின் கணிப்பு. பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனித்தது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் சேத் மார்கோலிஸும் சோனியா லுபோமிர்ஸ்கியும் நேராக மாணவர்களிடமே போனார்கள். 123 பேர் ஒரு வாரம் கலகலப்பாகவும் துணிச்சலாகவும், இன்னொரு வாரம் அமைதியாகவும் ஒதுங்கியும் நடந்துகொள்ள வேண்டும். கலகலப்பான வாரத்தில் நலவுணர்வு ஏறியது, ஒதுங்கிய வாரத்தில் இறங்கியது. ஆக, தனக்கு எது இனிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர் அல்லர். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்த இனிமையை எந்த நேரத்தில் அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பின்லாந்தின் சொயின்டு லெய்காஸும் வில்லெ-யுஹானி இல்மரினெனும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. 48 பல்கலைக்கழக மாணவர்கள் 12 நாட்களுக்கு, நாளுக்கு ஐந்து முறை, என்ன செய்கிறோம், மனம் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். கலகலப்பாக இருந்த நேரத்தில் மனநிலை நன்றாகவே இருந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு வந்தது. கருமமே கண்ணாகப் பாடத்தை முடித்தவர்களுக்கும் இதே கதைதான்: அந்த நேரத்தில் நிறைவு, பிறகு சோர்வு. அரட்டையை நாம் ஓய்வுக் கணக்கில் எழுதுகிறோம். உடலும் மனமும் அதை உழைப்புக் கணக்கில் எழுதுகின்றன. யார் முகம் சுளிக்கிறார், எந்தக் கிண்டலை எங்கே நிறுத்துவது, அடுத்து யார் பேசப் போகிறார் என்று ஓயாமல் கவனிப்பது சும்மா நடப்பதில்லை. கூட்டம் பிடித்திருந்ததும் அதன்பின் ஒதுங்கத் தோன்றுவதும் ஒன்றையொன்று பொய்யாக்காது. பின்னது முன்னதன் செலவுக் கணக்கு.

ஒதுங்கினால் என்ன நடக்கிறது? ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் துய்-வி நுயென், ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டெசி மூவரும் 2018-இல் வெளியிட்ட சோதனைகளில், வெறும் 15 நிமிடம் தனியே இருந்தவர்களிடம் பதற்றமும் எரிச்சலும் தணிந்தன. கூடவே துள்ளலும் உற்சாகமும் தணிந்தன. தனிமையின் வேலை கொதிப்பை இறக்குவது. எந்த வகைக் கொதிப்பு என்று அது பார்ப்பதில்லை. இப்போது உளவியலாளர்கள் பரவலாகக் கையாளும் பானாஸ் என்ற மனநிலை அளவுகோலை எடுத்துப் பாருங்கள். 1988-இல் வெளியான அந்த 20 சொற்களின் பட்டியலில் உற்சாகம் உண்டு, சுறுசுறுப்பு உண்டு, பெருமிதம்கூட உண்டு. அமைதி இல்லை. இத்தகைய பட்டியலில் தனிமை மதிப்பெண் இழந்தால் வியக்க ஒன்றுமில்லை.

இதெல்லாம் கூச்ச சுபாவக்காரர்களின் பாடு, மற்றவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். பின்லாந்து ஆய்வில் அகமுகர் (இன்ட்ரோவெர்ட்), புறமுகர் (எக்ஸ்ட்ரோவெர்ட்) என்ற வேறுபாடு களைப்பை மாற்றவில்லை. 2019-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வோ சற்று வேறு விதமாகப் பேசுகிறது: ஒரு வாரம் முழுக்கக் கலகலப்பாக நடந்துகொள்ளப் பணிக்கப்பட்டபோது, அகமுகர்கள் பெற்ற மகிழ்ச்சி குறைவு, அவர்கள் அதிகம் களைத்தார்கள், தாங்கள் தாங்களாக இல்லை என்றும் உணர்ந்தார்கள். இரண்டும் மோதுவதாக நான் நினைக்கவில்லை. தானாக விரும்பிப் பேசியதை முதல் ஆய்வு கவனித்தது. இரண்டாவது, பேசியே ஆக வேண்டும் என்று விதித்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தனிமை ஆளை வாட்டும். எம்.ஐ.டி.யில் லிவியா டொமோவா குழுவினர் சிலரைப் பத்து மணி நேரம் யாருடனும் தொடர்பின்றி வைத்துவிட்டு, மனிதர்கள் கூடியிருக்கும் படங்களைக் காட்டினார்கள். பத்து மணி நேரம் பட்டினி கிடந்தவர் சோற்றைப் பார்த்தால் நடுமூளையின் எந்தப் பகுதி கிளர்ச்சியுறுமோ, அதே பகுதி கிளர்ச்சியுற்றது. மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அங்கே கதவைச் சாத்தியது ஆய்வாளர்கள். ரோசெஸ்டர் சோதனைகளில் தனிமையைத் தாங்களே தேர்ந்தவர்களுக்கு அது இளைப்பாறலாக அமைந்தது. தேர்வு யார் கையில் என்பதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு. நம் விடுதிகளில் ஓர் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர். கூட்டம் அங்கே கேளாமலே கிடைக்கும். தனிமைக்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் வாய்விட்டுத் தனிமையை மட்டும் கேட்கிறார் என்றால், கூட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை அவருக்கு இன்னும் வரவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.