துண்டு வெட்டும் வேளையில் ஒரு பாடம்

நீரிழிவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குருதியிற் சீனி கூடுதலைப் பற்றியே பேசுவர். சீனி அளவுக்கு மீறிக் குறைதலும் பேராபத்து என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 1921ஆம் ஆண்டில் கனடாவின் தொரன்ரோ நகரிற் கண்டறியப்பட்ட இன்சுலின் எண்ணிறந்தோரின் உயிரைக் காத்து வருகின்றது. ஆயினும், மருந்து மிஞ்சினாலோ உணவு தவறினாலோ அதே இன்சுலின் மனிதனை அறிவிழக்கச் செய்துவிடும். கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளும் அத்தகையனவே. முதியோரிடத்தும் சிறுநீரகம் தளர்ந்தோரிடத்தும் அவற்றின் வேகம் நெடுநேரம் நிலைக்கும்.

குருதிச் சீனி 70 மில்லிகிராமிற்குக் கீழே இறங்கினாற் கவனம் வேண்டும். 54இற்குக் கீழே இறங்கினால் மூளை தடுமாறும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, காரணமற்ற கோபம், பேச்சுக் குழறல் என்பன அதன் அறிகுறிகள்.

இவ்வாறு வீழ்ந்தவரை வைத்தியசாலையில் ஊசிமூலம் குளுக்கோசு ஏற்றித் தெளிவித்து, சில நாளிற் துண்டு வெட்டி அனுப்புகின்றனர். ஒருமுறை கடுமையாக வீழ்ந்தவர் மறுமுறையும் வீழ்வது எளிது. ஆகவே, வீடு திரும்பும் அந்த நேரமே பாடம் புகட்டவேண்டிய நேரமாகும்.

அப்பாடம் யாருக்கு? நோயாளிக்கு மட்டுமன்று. அறிவிழந்தவர் தமக்குத் தாமே உதவ இயலாதாகையால், மனைவியும் மக்களும் அயலவரும் கற்றாகவேண்டும். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் தனித்திருக்கும் இறுப்பிட்டி போன்ற ஊர்களில் அயல்வீட்டாரே முதல் மாணவர்.

“விளங்கியதா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலையாட்டும் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். கேட்டவற்றைத் தம் வாயாற் திருப்பிச் சொல்லச் செய்வதே மெய்யான சோதனை. ஏன் வீழ்ந்தேன்? எந்த மருந்து நிறுத்தப்பட்டது, எதன் அளவு குறைக்கப்பட்டது? வீட்டிற் கிடக்கும் பழைய மாத்திரைகளை என்ன செய்வது? அடுத்த கிளினிக் எப்போது? இவற்றுக்கு நோயாளியும் உறவினரும் விடை கூறிய பின்னரே துண்டு கைமாறுதல் நன்று. அத்துண்டிலுள்ள ஆங்கிலக் குறிப்புடன் தமிழிலும் நான்கு வரி எழுதித் தருதல் வேண்டும்.

விரதத்தைப் பற்றியும் வைத்தியரிடம் வெட்கமின்றிக் கேட்கவேண்டும். வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் நம்மவர் உணவைக் குறைக்கும் நாட்கள். உணவை விட்டு, மருந்தை மட்டும் வழமைபோல் எடுப்பதே பல விபத்துக்களுக்கு வித்தாகும். அச்சத்தினால் மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தவறே.

அறிகுறி தோன்றியவுடன், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுக்கலாம். பதினைந்து நிமிடத்திற் தேறாவிடின் மீண்டும் கொடுக்கவேண்டும். தேறியபின் சோறோ பாணோ உண்ணவேண்டும். அறிவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழாயிற் புகுந்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 2018ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கும் வந்த 1990 அம்புலன்ஸ் சேவையை உடனே அழைத்தல் வேண்டும். குறிகட்டுவானுக்கு அப்பால், படகை நம்பி வாழும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இவ்வறிவு இன்னும் இன்றியமையாதது.

இன்சுலின் போடுவோர் உள்ள வீடுகளில், இன்றே ஒரு சிறு போத்தலிற் சீனி நிறைத்து, யாவரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள். அது ஏன் அங்கிருக்கின்றது என்பதைப் பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் சொல்லி வையுங்கள்.