ஒரு பெட்டிக்கு மாத்திரமான விளையாட்டுகள்

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்கள் பெறாமக்களுக்கென்று கொண்டுவரும் பொருள்களுள் சொனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டியும் ஒன்றாகிவிட்ட இக்காலத்தில், கிளிநொச்சியிலே அதனைத் தொலைக்காட்சியோடு பொருத்திக் கணக்குத் திறக்க முற்படும் பையன், நாடுகளின் பட்டியலிலே இலங்கையைத் தேடிக் காணாது, இந்தியாவையோ கனடாவையோ தெரிந்தெடுக்கிறான். அக்கணக்கில் அவன் வாங்குவது வேற்று நாட்டு விற்பனையாகவே பதிவாகும். விற்பனைத் தொகைகளைப் பக்தியோடு ஒப்புவிக்கிறவர்கள் இதனையும் நினைவிற் கொள்வது நன்று.

ஒரு நிறுவனத்தின் பெட்டியில் மாத்திரம் ஆடக்கூடிய விளையாட்டுகளுக்குச் செய்யப்படும் ஆரவாரம், அவற்றின் விற்பனைக்குத் தகுமா என்பது கேள்வி. திருவிழாவுக்குப் பேர்போன நாதஸ்வர வித்துவானை அழைப்பது சனம் திரளவேண்டும் என்பதற்காகவே. அவ்வண்ணமே, இலாபம் அதிகமின்றி, சில வேளை நட்டத்துக்கும் விற்கப்படும் பெட்டியை வீடுதோறும் புகுத்துவதற்கு இவ்விளையாட்டுகள் உதவுகின்றன. பெட்டி புகுந்தபின், பிறர் ஆக்கி அதில் விற்கும் விளையாட்டுகளின் விலையில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு, பெட்டிக்காரருக்குத் தரகாக வந்து சேரும்.

இக்கணக்கு ஒரு காலத்திலே நன்றாகவே பலித்தது. 2007இல் மைக்ரோசொஃப்ற்றின் ‘ஹேலோ 3’ அமெரிக்காவில் முதல் நாளிலேயே 17 கோடி டொலரை ஈட்டியது. நிண்டெண்டோவின் ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ 6 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றுள்ளது. அது ஓடும் ஸ்விட்ச் பெட்டிகளோ 15 கோடிக்குச் சற்று மேல். ஆனால் சொனியின் ‘ஸ்பைடர்மான் 2’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஒக்டோபரில் வெளிவந்து, ஒரே நாளில் 25 இலட்சம் பிரதிகள் விற்றதெனப் பறைசாற்றப்பட்ட அவ்விளையாட்டு, அடுத்த பெப்ரவரியில் ஒரு கோடியை எட்டியபோது, உலகிலே 5 கோடிக்கு மேற்பட்ட பிளேஸ்டேஷன் 5 விற்றாகிவிட்டது. அதாவது ஐந்து வீட்டில் நான்கு வீட்டார் அதனை வாங்கவில்லை. திருடி வெளியிடப்பட்ட ஆவணங்களின்படி, ஆக்கச் செலவு ஏறத்தாழ 30 கோடி டொலர். ஒரு பிரதி 70 டொலரென்றால், கடைக்காரர் பங்கையும் உரிமைக் கட்டணத்தையும் கழிக்காமலே, முதலை மீட்க 40 இலட்சத்துக்கு மேல் விற்றாகவேண்டும்.

அதே சொனி 2024 பெப்ரவரியில் ‘ஹெல்டைவர்ஸ் 2’ஐத் தன் பெட்டியிலும் கணினியிலும் ஒரே நாளில் வெளியிட்டது; அது பன்னிரண்டு வாரத்தில் 1 கோடி 20 இலட்சம் விற்றது. மே மாதத்தில், கணினியில் ஆடுவோரும் சொனிக் கணக்கு வைத்திருக்கவேண்டுமென்று விதித்தபோது, அக்கணக்கு வழங்கப்படாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. எதிர்ப்பு மூளவே விதி சில நாட்களில் கைவிடப்பட்டது.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஐதராபாத்தில் ஆக்கப்பட்ட ‘ஹனுமான்: போய் வோரியர்’ 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு மாத்திரம் வெளிவந்தது. முற்றிலும் இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டு என்ற பெருமையோடு வந்தும், தெய்வத்தைக் கைப்பிடிக் கருவியால் ஆட்டுவிப்பது தகாதென்ற கண்டனத்தையும் விமர்சகர்களின் குறையையுமே அதிகம் சம்பாதித்தது. அவ்வாண்டிலே வன்னிச் சனங்கள் செட்டிகுளத்து முட்கம்பி முகாம்களுக்குள் அடைபட்டுக் கிடந்தமையால், அதன் விளம்பரம் நம்மை எட்டவில்லை. எட்டாமற் போனதில் நட்டமுமில்லை.

நிண்டெண்டோ ஒன்று நீங்கலாக, இன்று சொனி, மைக்ரோசொஃப்ற் ஆகிய இருவரின் ஆரவாரத்தை விற்பனை நியாயப்படுத்தவில்லை என்பதே என் தீர்ப்பு. அவர்களும் அதனை உணர்ந்துவிட்டார்கள் போலும். சொனி தன் பெயர்பெற்ற விளையாட்டுகள் பலவற்றைக் கணினிக்கும் தந்துவிட்டது; மைக்ரோசொஃப்ற்றோ, எந்த ‘ஹேலோ’வைக் காட்டித் தன் பெட்டியை விற்றதோ, அதன் முதற் கதையைப் புதுக்கி 2026இல் பிளேஸ்டேஷனிலும் வெளியிடப்போவதாக 2025 ஒக்டோபரில் அறிவித்தது.