புத்தகம் போடக் காசு கட்டணுமா... கொஞ்சம் பொறுங்க!

வானூர்ல உட்கார்ந்து மரக்காணம் உப்பளக் கதைகளை எழுதி, மொபைல்லயே வெச்சிருக்கீங்களா? 'நீங்களே புத்தகம் வெளியிடலாம்' என்று ஆன்லைன் கோர்ஸ் விளம்பரம் வந்ததும் பணம் கட்டிடாதீங்க. முதல்ல இதைப் படிங்க.

அமேசானின் கே.டி.பி தளத்தில் மின்னூல் வெளியிடக் கட்டணம் கிடையாது, தமிழிலும் வெளியிடலாம். எப்படி என்ற வழிகாட்டியும் அங்கேயே இலவசம். யுனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் எழுத்தெல்லாம் குழம்பிவிடும்.

ராயல்டி 35 அல்லது 70 சதவிகிதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் 'கே.டி.பி செலக்ட்'டில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது, உங்க பிளாக்ல கூட!

மின்னூலுக்கு ஐ.எஸ்.பி.என் கட்டாயமில்லை. அச்சுப் புத்தகத்துக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் உஷார்!

அப்போ கோர்ஸே வேண்டாமா? 'என் பிரதியைப் படிச்சுத் திருத்தித் தருவீங்களா?' என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் தாராளமாகச் சேருங்கள். அப்லோடு செய்வதை மட்டும் சொல்லித்தருவதென்றால், அந்தப் பணத்தை நல்ல எடிட்டருக்குக் கொடுங்க.

உப்பளத்துல ஒருத்தர் பாடுபடுவார், விலை சொல்றது இன்னொருத்தர். இங்கே உங்க புத்தகத்துக்கு விலை வைக்கிறது நீங்கதான்!