மிதிவண்டி விளக்கு: பழைய டைனமோவும் புதிய ஒளியும்

மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில் முதன்முதலில் வேரூன்றிய மண் மலாக்கா. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. குளிர்ந்த விடியலில்தான் பால் நன்கு வடியும். ஆதலின் பொழுது புலருமுன்பே பெரட்டுக்குச் செல்வது தோட்டத் தமிழரின் வழக்கமாயிற்று. நெற்றியில் கார்பைடு விளக்கும், வசதியுள்ளவரின் மிதிவண்டியில் டைனமோ விளக்கும் அவர்களுக்கு வழிகாட்டின. இன்று பல தோட்டங்களில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. மக்களும் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். எனினும் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் உட்சாலைகளில் இரவில் செல்லும் மிதிவண்டிக்கு இருள் இருளாகவே இருக்கிறது. வீட்டு மூலையில் துருவேறிக் கிடக்கும் பழைய டைனமோவைக் கொண்டே வலிய எல்.இ.டி. விளக்கு ஒன்றை அமைக்க இயலுமா? இயலும். அது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

எல்.இ.டி.யின் இயல்பு

பாடநூல்கள் ஒளி உமிழ் டையோடு என்று குறிப்பதே எல்.இ.டி. ஆகும். 1962-இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யை ஆக்கினார். வலிய நீல ஒளி கிட்டியது 1990-களின் தொடக்கத்தில்தான். அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014-இல் நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது. நீல ஒளியின்மீது மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினால் வெள்ளொளி பிறக்கும். பழைய இழை விளக்கு ஒரு வாட்டுக்குப் பத்து லூமன் அளவே ஒளி தந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. நூறு லூமனுக்கு மேலும் தரும்.

ஆயினும் இதற்கு ஒரு குணம் உண்டு. ஏறத்தாழ 3 வோல்ட்டில் ஒளிரத் தொடங்கும் இதற்கு மின்னழுத்தத்தைச் சிறிதே கூட்டினாலும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகிவிடும். வெப்பம் ஏறி விளக்கு பழுதாகும். கார்பைடு விளக்கைக் கையாண்ட முதியோர்க்கு இது எளிதில் விளங்கும். கார்பைடின்மீது நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால் சுடர் அமைதியாக எரியும். நீர் மிகுந்தால் வாயு பெருகிச் சுடர் சீறும். அங்கே நீரைத் திருகு அடக்கிற்று. இங்கே மின்னோட்டத்தை அடக்க ஒரு கருவி வேண்டும்.

டைனமோ செய்யும் உதவி

அக்கருவி டைனமோவுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. காந்தம் சுழலச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1831-இல் ஃபாரடே கண்ட உண்மை. வேகம் இருமடங்கானால் மின்னழுத்தமும் இருமடங்காகும். ஆனால் டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். வேகம் கூடும்போது அத்திசை மாற்றமும் விரைவுபெறும். அதற்கேற்பச் சுருள் காட்டும் தடையும் வளரும். தள்ளும் ஆற்றலும் தடுக்கும் ஆற்றலும் ஒருங்கே வளர்வதால், ஓரளவு வேகத்திற்குமேல் மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடுகிறது. 6 வோல்ட், 3 வாட் என்று டைனமோவில் பொறித்திருப்பதன் பொருள் இதுவே. பழைய வண்டிகளில் பின்விளக்கு எரிந்துபோனால் முன்விளக்கும் விரைவில் எரிந்துபோனதற்குக் காரணமும் இதுவே; இரண்டுக்கும் உரிய மின்னோட்டம் ஒன்றின் வழியே பாய்ந்தது.

செய்முறை

அரை ஆம்பியரை எளிதில் தாங்கும் 3 வாட் வகை வெள்ளை எல்.இ.டி. இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 6 வோல்ட் அளவு ஆகும். டைனமோவுக்கு இது பொருத்தமான சுமை. எல்.இ.டி. ஒரு திசையிலேயே மின்சாரத்தை ஏற்குமாதலால், நான்கு ஷாட்கி டையோடுகளைப் பாலமாக அமைத்து மின்சாரத்தை ஒரு திசைப்படுத்த வேண்டும். பாலத்தின் வெளிவாயில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைக் குறுக்கே இணைத்தால் மெதுவாகச் செல்லும்போது ஒளி துடிப்பது குறையும். மின்தேக்கியின் நேர்முனை, எதிர்முனைகளை மாற்றிவிடலாகாது.

இங்குப் பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. பழைய டைனமோவின் ஒரு முனை வண்டியின் இரும்புச் சட்டமே. பாலத்திற்குப்பின் வரும் கம்பிகளுள் எதுவும் அச்சட்டத்தைத் தொடலாகாது. தொட்டால் பாலத்தின் ஒரு பகுதி குறுக்கிணைப்பாகிவிடும். ஆகவே விளக்குக்கு இரு கம்பிகள் தனியே செல்லட்டும். ஓடும்போது இணைப்பு அறுந்தால் மின்னழுத்தம் பன்மடங்கு உயர்ந்து மின்தேக்கியைக் கெடுக்கும். ஆதலின் 50 வோல்ட் தாங்கும் மின்தேக்கியே நன்று, ஈயப் பற்றும் உறுதியாக இருத்தல் வேண்டும். பின்விளக்கை டைனமோவிலிருந்து கழற்றி, மின்கலத்தில் எரியும் சிவப்பு விளக்கைத் தனியே பொருத்துக.

டைனமோ இல்லாதார் லித்தியம் மின்கலத்தை நாடுவர். அதனை எல்.இ.டி.யுடன் நேரே இணைப்பது பிழை. மின்னோட்டத்தை அடக்கும் சிறு சுற்றும், மின்கலத்திற்குக் காப்புச் சுற்றும் இன்றியமையாதன. இல்லையேல் தீ விபத்தும் நேரலாம்.

வெப்பமும் மழையும்

எல்.இ.டி. உண்ணும் மின்னாற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. ஆகவே எல்.இ.டி. பதித்த தகட்டை, வெப்பம் கடத்தும் பசை தடவி, தடித்த அலுமினியத் துண்டின்மீது திருகுக. அலுமினியத்தின் முதுகு காற்றுப்பட வெளியே இருக்கட்டும். அரைமணி நேரம் ஓட்டியபின் விரல் வைத்துப் பாருங்கள். வைக்க இயலாத சூடானால் அலுமினியம் போதாது. நம் நாட்டு மழைக்கு அஞ்சி மூடியின் விளிம்பைச் சிலிக்கோன் பசையால் அடைத்தல் நலம்.

ஒளி விழும் இடம்

ஒளி வலிதானால் பொறுப்பும் வலிதாகும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண் கூசினால் அவர் நம்மீதே மோதக்கூடும். ஜெர்மனியின் சாலை விதிகள் மிதிவண்டி விளக்கின் ஒளிக்கு மேல் எல்லை வகுத்திருப்பது இதனாலேயே. வில்லையின் மிகு ஒளி வண்டிக்கு முன் எட்டு முதல் பத்து மீட்டரில் தரையில் விழுமாறு விளக்கைத் தாழ்த்துக. குழியும் மேடும் தெரிய அதுவே போதும்.

தமிழாசிரியர்க்கு ஒரு சொல். மின்தூண்டல், ஒரு திசைப்படுத்தல், வெப்பக் கடத்தல், ஒளி விலகல் ஆகிய நான்கு பாடங்கள் இவ்வொரு விளக்கில் அடங்கியுள்ளன. நிறுத்திய வண்டியின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றி, ஒளி எழுவதை மாணவர்க்குக் காட்டலாம். தாமே செய்த விளக்கின் ஒளியில் வீடு திரும்பும் மாணவன் மின்னியலை எளிதில் மறவான்.