உங்க வீட்டு பழைய கார், நாளைய கிளாசிக்கா? கண்டுபிடிக்க சில க்ளூ!

ஆர்.எக்ஸ் 100 கதை எல்லா வீட்லயும் ஒண்ணு இருக்கும். "அப்பவே சல்லிசா தள்ளிவிட்டேன்டா, இப்போ என்ன விலை சொல்றாங்க தெரியுமா?"ன்னு உங்க சித்தப்பாவோ மாமாவோ கண்டிப்பா புலம்பியிருப்பார். 1996-ல் உற்பத்தி நின்னுபோன 98 சிசி பைக் அது. அன்னிக்கு அதை வித்தவங்க யாரும் இப்படி ஆகும்னு நினைச்சிருக்க மாட்டாங்க.

இப்போ கேள்வியை கார் பக்கம் திருப்புவோம். உங்க வீட்டு வாசல்ல கவர் போட்டு நிக்கிற 2002 மாடல் கார், பேரீச்சம்பழத்துக்குப் போகப்போகுதா? இல்ல, 20 வருஷம் கழிச்சு ஊரே பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கப்போகுதா? இதை ஜோசியம் மாதிரி அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா, சில அடையாளங்கள் இருக்கு.

1. அந்தக் காருக்காக ஏங்குறவங்க இருக்காங்களா?

ஒரு பழைய காரோட மதிப்பு ஏற முதல் காரணம், ஏக்கம். ஸ்கூல் படிக்கும்போது ரோட்டுல பார்த்து வாயைப் பிளந்த காரை, 40 வயசுல கையில காசு வந்ததும் தேட ஆரம்பிப்பாங்க. 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்துல பால் வாக்கர் ஓட்டின ஆரஞ்சு கலர் டொயோட்டா சூப்ரா, 2021-ல் அமெரிக்காவில் 5.5 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. படம் பார்த்துக் கைதட்டின பசங்க, அந்த 20 வருஷத்துல சம்பாதிக்கிற ஆளுங்களா ஆகிட்டாங்க.

அதே கணக்கை இங்கே போட்டா, 1998-லிருந்து 2005 வரைக்கும் வந்த கார்கள் மேல கண்ணு போகும். முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, அதுலயும் 2000-ல் வந்த 1.5 விடெக். மாருதி 800 சுமார் 37 குதிரைத்திறனோட ஓடிட்டிருந்த காலத்துல, இது 106 குதிரைத்திறன்! மறைமலைநகர்ல தயாரான ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூர்ல தயாரான மிட்சுபிஷி லான்சர்னு இந்த லிஸ்ட்ல நம்ம சென்னைப் பக்கத்து பிள்ளைகளும் உண்டு.

2. எத்தனை கார் மிஞ்சியிருக்கு?

புதுசா இருந்தப்போ விக்காத கார், பழசானதும் தேடப்படுறது உண்டு. 2016-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தது. மூணு கதவு, 192 குதிரைத்திறன், விலை 25.65 லட்சம். 'ஒரு போலோவுக்கு இவ்வளவா?'ன்னு பலர் விலகிப் போனாங்க. அடுத்த வருஷமே விலையை 20 லட்சத்துக்குள்ள இறக்க வேண்டியதாச்சு. மொத்தமே 99 கார்களைத்தான் இந்தியாவுக்கு ஒதுக்கியிருந்தாங்க. இன்னிக்கு கார் பிரியர்கள் கண்ணுல அதுதான் ஜாக்பாட். 2020-ல் 200 கார்கள் மட்டும் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ் 245-ம் இதே ரகம்தான்.

அதுக்காக, விக்காத காரெல்லாம் கிளாசிக் ஆகிடாது. ஓட்டும்போது ஒரு தனி குணம் தெரியணும், இல்ல ஒரு கதை இருக்கணும். மாருதி 800-ஐ எடுத்துக்கோங்க. 25 லட்சத்துக்கும் மேல வித்த கார், அபூர்வம்னே சொல்ல முடியாது. ஆனா, ஒரு தலைமுறைக்கே அதுதான் முதல் கார். 1983-ல் வந்த அந்த முதல் மாடல், ஒரிஜினல் சீட், ஒரிஜினல் டேஷ்போர்டோட கிடைச்சா, அதுக்கு மவுசே வேற!

3. இதுக்கப்புறம் இப்படி ஒண்ணு வருமா?

'அந்த வரிசையில இதுதான் கடைசி'ங்கிற பட்டம் ஒரு காருக்குப் பெரிய பலம். 1985-லிருந்து பெருசா மாறாமலே ஓடி, புது பாதுகாப்பு விதிகள் வந்ததும் விடைபெற்ற மாருதி ஜிப்ஸி ஒரு உதாரணம். பின்பக்க ஜன்னல் கண்ணாடி கூரை வரைக்கும் வளைஞ்சு போற மூணு கதவு டாடா சியரா இன்னொண்ணு. அந்தப் பேருக்கு இன்னும் மவுசு இருக்குன்னுதான், 2025-ல் டாடா அதே பேர்ல புது காரையே இறக்கினாங்க.

2020 ஏப்ரல்ல பி.எஸ்-6 விதி வந்ததும் பல நல்ல இன்ஜின்கள் நின்னுபோச்சு. எலெக்ட்ரிக் கார்கள் பெருகப் பெருக, கியர் மாத்தி, இன்ஜின் சத்தத்தை ரசிச்சு ஓட்டுற கார்களுக்கு மதிப்பு கூடும்னு எதிர்பார்க்கலாம்.

நடுவுல இருக்கு 35 வருஷப் பள்ளம்

இங்கேதான் சிக்கல். நம்ம சட்டப்படி 'வின்டேஜ்' அந்தஸ்து கிடைக்கணும்னா காருக்கு 50 வயசு ஆகியிருக்கணும், பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. 2021-ல் வந்த விதிப்படி 20,000 ரூபாய் கட்டினா, 'VA' எழுத்துக்களோட தனி நம்பர் கிடைக்கும். ஆனா, அந்தக் காரை தினசரி ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது.

ஆனா, சாதாரண ஆர்.சி-க்கு ஆயுள் 15 வருஷம்தான். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி காட்டிப் புதுப்பிக்கணும். 15 வயசுல கார் வெறும் 'பழசு', 50 வயசுலதான் 'பொக்கிஷம்'. நடுவுல இருக்கிற 35 வருஷத்துலதான் பல நல்ல கார்கள் காயலான் கடைக்குப் போகுது. மார்க்கெட்ல விலையும் அடிமட்டத்துல இருக்கிறது இந்தக் காலத்துலதான். 2002 மாடல் கார் இப்போ சரியா இந்தப் பள்ளத்துலதான் நிக்குது.

அப்போ வெச்சுக்கலாமா?

முடிவெடுக்கும் முன்னாடி இதையெல்லாம் பாருங்க:

* ஆர்.சி-யும் இன்ஷூரன்ஸும் நடப்புல இருக்கா? முதல் பில், சர்வீஸ் புக், ரெண்டாவது சாவி எல்லாம் பத்திரமா இருக்கா?
* பெயின்ட், வீல், சீட் எல்லாம் கம்பெனியில வந்தபடியே இருக்கா? ஆசையா மாட்டின அலாய் வீலும் ஸ்டிக்கரும் பின்னாடி மதிப்பைக் குறைக்கும். கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸைத் தூக்கிப் போடாதீங்க.
* கதவுக்கு அடியிலயும் ஃப்ளோர்லயும் துரு இருக்கா? இன்ஜினைக்கூட சரி பண்ணிடலாம், துரு தின்ன பாடியை மீட்கத்தான் செலவு எகிறும்.
* ஸ்பேர் கிடைக்குமா? பழைய காருக்கு புதுப்பேட்டையில தேடினாலாவது ஏதாவது சிக்கும். டச் ஸ்கிரீனும் சென்சாருமா இருக்கிற புது கார்ல ஒரு போர்டு போச்சுன்னா, 20 வருஷம் கழிச்சு அதை எங்கே தேடுவீங்க?

முக்கியமா ஒண்ணு. இதை முதலீடா நினைச்சு இறங்காதீங்க. நிறுத்த இடம், இன்ஷூரன்ஸ், பேட்டரி, டயர்னு கணக்குப் போட்டா, அந்தப் பணத்தை பேங்க்ல போட்டிருந்தாலே லாபமா இருந்திருக்கலாம். விலை ஏறலைன்னாலும் 'பரவாயில்லை, என் கார்'னு சொல்ல முடிஞ்சா மட்டும் வெச்சுக்கோங்க.

அப்படித் தோணுச்சுன்னா, இந்த ஞாயித்துக்கிழமை கவரை எடுத்துட்டு, அப்பாவை முன் சீட்ல உட்கார வெச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. விக்கிறதா வேண்டாமான்னு வீடு திரும்பும்போது உங்களுக்கே தெரிஞ்சிடும்!