வெட்டு மேல் வெட்டு... கடைசியில் டிரா!

செஸ்ஸில் 'டிரா' என்றதும், "ரெண்டு பேரும் பயந்து கை குலுக்கிட்டாங்க" என்று நினைப்பவரா நீங்கள்? 1960-ல் லீப்சிக் ஒலிம்பியாடில் பாபி ஃபிஷரும் மிகைல் தாலும் ஆடிய ஆட்டத்தை உங்கள் போனில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மொத்தமே 21 நகர்த்தல்கள்தான்.

அமெரிக்காவின் ஃபிஷருக்கு அப்போது வயது 17. எதிரே சோவியத்தின் தால், 23 வயது. சில மாதங்களுக்கு முன்புதான் பொத்வின்னிக்கை வீழ்த்தி உலக சாம்பியன் ஆகியிருந்தார். (நம்ம ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகிய சென்னை கிளப், இந்தத் தாலின் பெயரில் இருந்ததுதான்!) இருவருக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. 1959-ல் யுகோஸ்லாவியாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் நான்கு முறை மோதினார்கள். நான்கிலும் ஃபிஷருக்குத் தோல்வி.

லீப்சிக்கில் ஃபிஷருக்கு வெள்ளைக் காய்கள். தால் எடுத்த ஆயுதம் பிரெஞ்சு டிஃபென்ஸ். பெயரைக் கேட்டால் சாது மாதிரி இருக்கும். ஆனால், அதன் 'வினாவர்' கிளைக்குள் போனால் இரு பக்கமும் கூரான கத்தி! கறுப்பு பிஷப், எதிரியின் குதிரையை மடக்கச் சீக்கிரமே வெளியே கிளம்பிவிடும். அது காவல் காத்த ராஜா பக்கத்துச் சிப்பாய் அநாதையாக நிற்கும்.

ஃபிஷர் விடுவாரா? ராணியை உள்ளே இறக்கி 9, 10-வது நகர்த்தல்களில் இரண்டு சிப்பாய்களை வெட்டினார். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அந்த ராணி அசையவே இல்லை. நேரம் எங்கே இருந்தது?

14-வது நகர்த்தலில் தாலின் குதிரை ஒரு சிப்பாயை வெட்டியது. அதோடு சேர்த்து வரிசையாக ஒன்பது வெட்டுகள்! பறிபோன பிஷப்புக்குப் பதிலடி தராமல், ஃபிஷரின் குதிரை தாலின் யானையைக் குறிவைத்துப் பாய்ந்தது. தால் ஒரு யானையை எடுக்க, ஃபிஷரும் ஒன்றை எடுத்தார். தாலின் மிச்ச யானையோ வெள்ளை ராஜாவின் வாசலுக்கே வந்து, அங்கிருந்த சிப்பாயை வெட்டி 'செக்' வைத்தது. பின்னால் பிஷப் காவல் இருந்ததால் ராஜாவால் அதைத் தொட முடியவில்லை.

புழுதி அடங்கியபோது ஃபிஷரிடம் ராணியும் யானையும். தாலிடம் ராணியும் குதிரையும். கணக்குப்படி ஃபிஷர் கை ஓங்கியிருந்தது. ஆனால் அவர் ராஜாவுக்கு முன்னால் வேலி இல்லை. தாலின் ராணி செக் வைக்கிறது. ராஜா மூலைக்கு ஓடினால் அங்கே ஒரு செக், திரும்பி வந்தால் மறுபடி செக். இதற்கு முடிவே கிடையாது. டிரா!

1969-ல் தன் மறக்கமுடியாத 60 ஆட்டங்களைப் புத்தகமாக்கியபோது, ஜெயித்த ஆட்டங்கள் எத்தனையோ இருந்தும் இதற்கும் ஃபிஷர் இடம் கொடுத்தார்.

லீப்சிக்கில் தங்கம் சோவியத்துக்கு, வெள்ளி அமெரிக்காவுக்கு. அடுத்த ஆண்டே பிளெட் நகரில் இருவரும் மீண்டும் மோதினார்கள். அந்த முறை ஜெயித்தது ஃபிஷர்.